பாண் ஆட்டோவில் வந்த மெட்டு

மேல்மாடியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது என் மனைவி சீதாவின் யோசனை. கட்டிலுக்கு விரிப்பு வாங்கி, குளியலறைக்குச் சுடுதண்ணீர் பூட்டி, இணையத்தில் படமும் போட்டுவிட்டு, மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க மெல்பேர்ணுக்கு விமானம் ஏறினாள். அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சீதா இன்னும் வந்தபாடில்லை. கேட்டால், "நிரோஷினி வேலைக்குப் போறா, புள்ளைய யாரு பாக்குறது? நீங்க அங்க நல்லாத்தானே இருக்கீங்க" என்பாள். நல்லாத்தான் இருக்கிறேன். ஒரு நேரம் சமைத்து மூன்று நேரம் சாப்பிடுகிறேன். தொலைக்காட்சியோடு சண்டை போடுகிறேன்.

வீடு இருப்பது அம்பிட்டிய வீதியிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில். கண்டி வாவியும் தலதா மாளிகைக் கூரையும் மரங்களுக்கிடையே கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்தை சீதா இணையத்தில் 'அற்புதமான காட்சி' என்று போட்டிருக்கிறாள்.

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் ரஷ்யர்கள். காரணம், எனக்கு அவர்களுடைய பாஷை தெரியும். ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த நான், சோவியத் யூனியன் என்று ஒரு நாடு இருந்த காலத்தில் புலமைப்பரிசில் கிடைத்து கிரஸ்னதார் என்ற ஊரில் பொறியியல் படித்தேன். நான் படித்து முடிக்கவும் அந்த நாடு முடியவும் சரியாக இருந்தது. திரும்பி வந்து, பல்லேகலத் தொழிற்பேட்டையில் பெட்டி மடிக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே ஓய்வு பெற்றேன். இராமகிருஷ்ணன் என்ற பெயர் ரஷ்யர்களுடைய வாயில் நுழையாது. அவர்களுக்கு அன்றைக்கும் நான் ரோமா, இன்றைக்கும் ரோமா. இரண்டு நாள் தங்கி, யானை பார்த்து, எல்லவுக்கு ரயில் ஏறும்போது "ரோமா, உங்களை மறக்கவே மாட்டோம்" என்பார்கள். பேராதனைச் சந்தி தாண்டும்போதே மறந்திருப்பார்கள்.

லெவ் ஆர்கதியெவிச் சவ்ரானின் வந்தது போன வருடம், மழை விட்ட ஒரு மாலையில். ரஷ்யர்களை மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் சொந்தப் பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் ஓர் எழுத்தோடு முடிக்கிற தகப்பனை அவர்கள் முழுதாகச் சுமக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய உயரமான மனிதர். ஒரு பெட்டியும், துணியால் சுற்றிய ஒரு சின்ன கீபோர்டும் கொண்டுவந்திருந்தார். இடது காதில் கேட்கும் கருவி.

"என் வலது பக்கம் நின்று பேசாதீர்கள், அது செத்துவிட்டது" என்றார் வாசலிலேயே. "இடது பக்கம் வாருங்கள். அது இன்னும் சாகவில்லை."

எனக்கு அந்தப் பெயர் எங்கேயோ இடித்தது. "சவ்ரானின் என்றால், சினிமாவுக்கு இசையமைத்தவர் ஒருவர்..." என்று இழுத்தேன்.

"அந்தப் பெயரில் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார். எனக்குச் சுருக்கென்றது. வந்தவுடனே வீட்டுக்காரன் மூக்கை உடைக்கிற ஆள் எத்தனை நாளைக்கு இருக்கப்போகிறார் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது ஃபாஸிலின் பாண் ஆட்டோ ஒழுங்கைக்குள் ஏறியது. பாட்டுப் போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் பாண் ரொட்டி விற்கும் ஆட்டோவைச் சிங்களத்தில் சூன் பாண் என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்கிறோம். எங்கே போனாலும் இந்த ஆட்டோக்கள் பெரும்பாலும் ஒரே பழைய பியானோ மெட்டைத்தான் போடும். அதை இப்போது யாரும் இசையாக நினைப்பதில்லை, அது பாணின் சத்தம். ஃபாஸில் மட்டும் வேறு மெட்டுப் போட்டான். முந்தைய வருடம் பக்கத்து விடுதியில் தங்கிய ரஷ்யப் பெண் ஒருத்தி, தினமும் அந்தப் பியானோவைக் கேட்டுத் தாங்க முடியாமல், தன் நாட்டு மெட்டு ஒன்றை அவனுடைய மெமரி காட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அது ஒலித்தால் எந்த அறையில் இருந்தாலும் ரஷ்யர்கள் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள், பணிஸ் வாங்கினார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். ஃபாஸில் விடுவானா?

மாடியில் கதவு படாரென்று திறந்தது. சவ்ரானின் பனியனோடு வெளித்தளத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே ஆட்டோ ஆடி ஆடி ஏறிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்து ஆட்கள் பையோடு வந்தார்கள்.

"ரோமா, இது என்ன?"

"பாண். ரொட்டி" என்றேன்.

"ரொட்டி" என்று திருப்பிச் சொன்னார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, கம்பியில் சாய்ந்துகொண்டே சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், நான் விடுதியில் படித்த காலத்துக்குப் பிறகு கேட்டிராத சில கெட்ட வார்த்தைகளை வரிசையாகச் சொன்னார். "நான் கடல் தாண்டி ஓடிவந்தேன். இது எனக்கு முன்னாலேயே வந்து ரொட்டி விற்றுக்கொண்டிருக்கிறது."

ஊருக்கு நாலு சவ்ரானின் இல்லை, இவர்தான் அவர் என்பது அப்போது எனக்குத் தெளிவாயிற்று.

அந்த மெட்டு எனக்கும் தெரியும். மூன்று தட்டில் சுழன்று சுழன்று போகும் வால்ஸ் என்ற நடன இசை. பனிப்புயலில் ஒரு ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்ட ஆட்களைப் பற்றிய படம், வருடப் பிறப்புக்கு முந்தின நாள் தவறாமல் தொலைக்காட்சியில் போடுவார்கள். விடுதியில் எல்லோரும் ஒரே அறையில் நெருக்கியடித்துப் பார்ப்போம். நான் போன முதல் வருடம், பாஷை பிடிபடாத காலம், படத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்றே விளங்கவில்லை. ஆனால் அந்த மெட்டு வந்ததும் அழுதேன். மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் அதை முணுமுணுத்தார்கள்.

ஒரு மாதத்துக்கு வந்தவர் விசாவை நீட்டி நீட்டித் தங்கினார். மாலையில் நான் தேநீர் கொண்டுபோவேன், அவருடைய இடது பக்கத்துக் கதிரையில் உட்காருவேன். முதலில் கஞ்சத்தனமாகவும் பிறகு தாராளமாகவும் தன் கதையைச் சொன்னார்.

வொல்கா ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். தாய் சினிமா கொட்டகையில் தரை கூட்டுபவர். காசில்லாத பையனைத் திரைக்குப் பின்னால் உட்கார வைப்பாராம். அங்கிருந்து படம் இடம் வலம் மாறித் தெரியும், இசை மட்டும் சரியாகக் கேட்கும். அப்படித்தான் பைத்தியம் பிடித்தது என்றார். மொஸ்கோவில் படித்தார். அறுபதுக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். போர்ப் படங்கள், சரித்திரப் படங்கள், குழந்தைகள் படங்கள். ஒன்றுக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் மலையில் இடையர்களோடு இருந்து அவர்களுடைய பாட்டைக் கேட்டு எழுதினாராம். அதை யாருக்கும் ஞாபகமில்லை.

"அந்த வால்ஸ்?" என்றேன்.

"அதை சமையலறை மேசையில் எழுதினேன். என் மனைவி உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தாள். படத்தில் ஒரு பெண் தேநீருக்காக வரிசையில் நிற்பாள், அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, எதையாவது போட்டு நிரப்பு என்று இயக்குநர் தொலைபேசியில் சொன்னான். நிரப்பினேன். உருளைக்கிழங்கு ஆறுவதற்குள் முடிந்துவிட்டது."

அதற்குப் பிறகு அவர் எங்கே போனாலும் அது முன்னால் போய் நின்றது. விமானம் இறங்கும்போது, மின்தூக்கியில், பல் வைத்தியரின் கதிரையில். பத்து வருடம் உழைத்து ஒரு சிம்பொனி எழுதி அரங்கேற்றினார். கைதட்டி முடித்த கூட்டம், மறுபடியும் ஏதாவது வாசிக்கச் சொல்லிக் கத்தியது. எதை என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்படியும் ஒரு மனிதர் அலுத்துக்கொள்வாரா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. என்னுடைய இயந்திரங்கள் மடித்த கோடிக்கணக்கான பெட்டிகளில் ஒன்றையாவது யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா? ஆனால் ஒருநாள் வாவிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது என் எரிச்சல் போய்விட்டது.

ரஷ்யச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று எதிரே வந்தது. ஒரு அம்மாள் நின்றார், பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். "சவ்ரானின்!" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தொப்பியில் கையெழுத்துக் கேட்டார், ஒருத்தி அவருடைய கையை முத்தமிட்டாள். பிறகு யாரோ ஆரம்பிக்க, அந்தக் கூட்டம் முழுவதும் வாவிக்கரையில் நின்று அந்த வால்ஸைப் பாடியது. கடலை விற்றவன் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தான். சவ்ரானின் சிரித்துக்கொண்டே நின்றார். அவருடைய கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. நகம் பதிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். "என் மனைவி சாகும்போது அவளுக்கும் அது அலுத்துப் போயிருந்தது, ரோமா. என்னைவிட அதிகமாக அலுத்திருந்தது. சவ அடக்கத்துக்கு வந்த வாத்தியக் குழு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அன்பினால் அதையே வாசித்தார்கள். நான் எப்படி நிறுத்தச் சொல்வது? குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்."

அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

அன்றுதான் அவர் எதற்காக வந்தார் என்பதும் தெரிந்தது. நான்கு நரம்பு வாத்தியங்களுக்கு ஒரு உருப்படி எழுதிக்கொண்டிருந்தார். படமில்லை, இயக்குநரில்லை, வரிசையில் நிற்கும் பெண்ணில்லை. வாழ்நாள் முழுவதும் தள்ளிப் போட்டது. இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது, அதிக காலமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். காது இருக்கும்போதே முடிக்க வேண்டும். "முடித்துவிட்டால் பிறகு செவிடாகலாம். அப்போது அந்த வால்ஸும் கேட்காது, சந்தோஷம்" என்று சிரித்தார். அவருடைய நாட்டில் அந்த நாட்களில் நடந்த போரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அமைதியான ஓரிடம் தேடி வந்திருந்தார். வந்த இடத்தில் விடிந்தால் பாண் ஆட்டோ.

தினமும் அது வரும் நேரத்துக்கு வெளித்தளத்தில் போய் உட்கார்ந்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு. பார்க்கவே பாவமாக இருக்கும். ஊசி போடுவதற்குக் கையை நீட்டிக்கொண்டு இருப்பவர் மாதிரி இருக்கிறாரே, இந்த மனிதருக்கு நான் ஒரு நன்மை செய்தாலென்ன என்று நினைத்தேன். நன்மை செய்யும் புத்தி எனக்கு அடிக்கடி வருவதில்லை. வந்தபோது வந்தது.

மறுநாள் கீழே இறங்கிப் போய் ஃபாஸிலை மறித்தேன். ஃபாஸில் கட்டுகஸ்தோட்டைக்காரன். வாய் ஓயாதவன், கணக்கில் நேர்மையானவன்.

"ஃபாஸில், எங்க வீட்டுப் பக்கம் வரும்போது அந்தப் பாட்டக் கொஞ்சம் நிப்பாட்ட முடியுமா?"

"ஏன் சேர்? அது ராசியான பாட்டு. வெள்ளக்காரங்க ஓடி வாராங்களே."

தான் போட்ட பாட்டுக்குத் தானே பயந்து ஓடிவந்த மனிதரைப் பற்றி நடுவீதியில் நின்று விளக்க முடியுமா? எனக்குத் தெரிந்த சுருக்கு வழியைப் பிடித்தேன். "மேல் மாடியில ஒரு நோயாளி இருக்கார்" என்றேன்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் பேச்சில்லை. செத்த வீட்டு வெள்ளைக்கொடி கட்டிய ஒழுங்கையிலும், நோயாளி கிடக்கிற வீட்டு வாசலிலும் எந்தப் பாண்காரனும் பாட்டுப் போட மாட்டான். ஃபாஸில் உடனே கையை நீட்டிப் பெட்டியை அணைத்தான்.

"அல்லாஹ்வே, அத மொதல்லயே சொல்லீக்கலாமே சேர்! நான் ஒரு விசரன் மாதிரி தினமும் போட்டுட்டு ஈக்கேன். இனி இந்த லேன் முழுக்க சத்தமே வராது. ஆக்களுக்கு நான் போன்ல சொல்லிக்கிறேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அடுத்த நாளிலிருந்து ஆட்டோ சத்தமில்லாமல் ஏறியது. ஒழுங்கைக்காரர்களுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பிவிடுவான், அவர்கள் சரியான நேரத்துக்கு வாசலுக்கு வந்து நிற்பார்கள். ஆட்டோ நிற்கும், பாண் கை மாறும், போகும். எனக்குப் பெருமையாக இருந்தது. சவ்ரானினிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. செய்த நன்மையைச் சொல்லிக்காட்டுகிற ஆள் நானில்லை, அவராகவே கண்டுபிடித்து நன்றி சொல்லட்டும் என்று இருந்தேன்.

முதலில் கண்டுபிடித்தவள் எதிர்வீட்டுத் துஷ்யந்தி. மாநகர சபையில் கிளார்க். அந்த அலுவலகத்துக்கு வராத செய்தி கண்டியில் கிடையாது. ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"என்னாண்ணே, வீட்டுல யாருக்கோ சொகமில்லையாமே? ஃபாஸில் சொன்னான்."

"மாடியில இருக்கிற பெரியவருக்குத்தான். கொஞ்சம் ஓய்வு வேணுமாம்."

"பாவம், நாடு விட்டு நாடு வந்து படுத்துட்டாரு. அவருக்குன்னு ஒருத்தரும் இல்லையா?"

"நான் இருக்கேன்ல" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே பட்டது. சீதா போன பிறகு, மாலையானால் யாருக்காவது தேநீர் கொண்டுபோக வேண்டும் என்ற நினைப்பே எனக்கு இவர் வந்த பிறகுதான் திரும்பி வந்தது. அந்த மனிதர் ஏப்பம் விடுகிற சத்தம்கூட வீட்டுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் நன்றி வரவில்லை. சவ்ரானினின் முகம்தான் ஒடுங்கிப் போயிற்று. வழக்கம்போல காலையில் வெளித்தளத்துக்கு வந்து உட்காருவார். ஆட்டோ வரும். கண்ணைத் திறந்து குனிந்து பார்ப்பார். ஆட்கள் பாண் வாங்குவதைப் பார்ப்பார். ஆட்டோ திரும்பி இறங்கி மறையும் வரை பார்ப்பார். பிறகு உள்ளே போய்விடுவார். கீபோர்டின் மேல் அந்தச் சுற்றுத் துணி கிடந்தது. எழுதிய தாள்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மாலையில் தேநீர் கொண்டுபோனால், "வையுங்கள் ரோமா" என்பார், குடிக்க மாட்டார்.

ஒரு வாரம் கழித்து ஒரு மாலை, "எனக்கு விமான டிக்கெட் போட்டுத் தருகிறீர்களா?" என்றார். "வீட்டுக்குப் போகிறேன்."

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

"யாருமில்லை. கதிரை இருக்கிறது. உட்காரலாம்."

எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. "அந்த உருப்படி? இத்தனை மாதம் உட்கார்ந்து எழுதியது? இங்கே என்ன குறை? சாப்பாடா, அறையா, நானா?" என்று அவருடைய இடது காதில் கத்தினேன். கத்தியது அவருக்காகவா எனக்காகவா என்று கேட்டால், எனக்காகத்தான். மறுபடியும் தொலைக்காட்சியோடு தனியாகக் கிடக்க எனக்குப் பயமாக இருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "காது போய்விட்டது, ரோமா. செவிடு தூரத்திலிருந்துதான் வரும். முதலில் தூரத்துச் சத்தம் போகும், பிறகு கிட்டத்துச் சத்தம். நான் அதை அளந்துகொண்டிருந்தேன். எதைக் கொண்டு என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பாழாய்ப்போன வால்ஸைக் கொண்டுதான். வந்த புதிதில், ஆட்டோ கீழே பெரிய வீதியில் திரும்பும்போதே கேட்டேன். பிறகு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்தால்தான் கேட்டது. அதற்குப் பிறகு வாசலில் நின்றால்தான். உலகத்திலேயே அந்த ஒரு மெட்டு மட்டும் எனக்குத் தவறாது. ஒரு சுரம் விட்டுப்போனாலும் தெரியும். அதனால்தான் தினமும் அதற்குக் காத்திருந்தேன்."

ஆறிப்போயிருந்த தேநீரைத் தள்ளி வைத்தார்.

"இப்போது வாசலிலேயே வந்து நிற்கிறது. ஆட்கள் வருகிறார்கள், வாங்குகிறார்கள். எனக்கு ஒன்றுமில்லை. ஒரு வாரமாக ஒன்றுமில்லை. கேட்காத காதை வைத்துக்கொண்டு நான் எதை எழுத?"

அட கடவுளே! எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். "உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை! நான்தான் நிறுத்தச் சொன்னேன்! அவன் ஒரு வாரமாகப் பாட்டே போடவில்லை! எல்லோருக்கும்தான் கேட்கவில்லை!"

இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும் அவர் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பெரிய உடம்பு, எனக்கு மூச்சு முட்டியது. "முட்டாள்! அன்பான முட்டாள்!" என்று என் முதுகில் குத்தினார். "நாளைக்குப் போடச் சொல்லுங்கள். போடச் சொல்லுங்கள், கேட்கிறேன். கேட்டால் இருக்கிறேன், முடித்துவிட்டுத்தான் போவேன். கேட்காவிட்டால் டிக்கெட்."

கீழே இறங்கி ஃபாஸிலை அழைத்தேன். "நோயாளிக்குச் சொகம். நாளைக்கு நல்ல சத்தமாப் போடு. கீழ ரோட்டுல இருந்தே போட்டுட்டு வா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! தூள் கெளப்பிருவோம் சேர்."

காலையில் பனி இறங்கியிருந்தது. சவ்ரானின் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வெளித்தளத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்கும் கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். நான் வாசலில் நின்றேன். பரீட்சை முடிவுக்குக்கூட நான் இப்படி நின்றதில்லை.

ஆட்டோ கீழே திரும்பியது. ஃபாஸில் சொன்னபடி உச்சச் சத்தத்தில் போட்டிருந்தான். மலை முழுவதும் கேட்டது. ஆனால் அது வால்ஸ் இல்லை. மற்ற ஆட்டோக்கள் போடுகிற அந்தப் பழைய பியானோ மெட்டு.

ஆட்டோ ஏறி வந்து வாசலில் நின்றது. ஃபாஸில் தலையை வெளியே நீட்டி, பாட்டுக்கு மேலால் கத்தினான். "சேர், அந்த காட் பழுதாப் போச்சு! ஒரு கெழமையா கழட்டிப் போட்டுக் கெடந்ததுல மழத்தண்ணி பூந்திரிக்கி. பரவால்லையே, இதுவும் நல்ல சத்தம்தானே!"

எதிர்வீட்டுத் துஷ்யந்தி பையோடு வந்தாள். "நல்லதாப் போச்சுண்ணே, இதுதான் பாண் பாட்டு மாதிரி இருக்கு" என்றாள்.

போச்சு, வேறு மெட்டைக் கேட்டு அவர் ஏமாந்துவிடப் போகிறார், அல்லது விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறார், எதுவானாலும் நாளைக்கு வேறு காட் வாங்கிக் கொடுத்தால் போகிறது என்று நினைத்துக்கொண்டு மேலே பார்த்தேன்.

சவ்ரானின் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. அவருடைய வலது கை கம்பிக்கு மேலே மூன்று தட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. வாய் விட்டுப் பாடினார். தன் குரலின் அளவு தெரியாமல் பாடினார். வால்ஸ். அவருடைய வால்ஸ். உருளைக்கிழங்கு ஆறுவதற்குள் எழுதியது. கீழே பியானோ ஒரு பக்கம் போனது, மேலே அவர் இன்னொரு பக்கம் போனார். இரண்டும் எங்கேயும் சந்திக்கவில்லை.

"ரோமா!" என்று கத்தினார். "தண்ணீர்த் தொட்டியடியிலேயே பிடித்துவிட்டேன்! ஒவ்வொரு சுரமும்!"

துஷ்யந்தி அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "ஐயாவுக்கு நல்ல சொகமாயிருச்சு போலயே" என்றாள். ஃபாஸில் அவருக்குக் கை காட்டினான். அவரும் காட்டினார். நான் பாணை வாங்கிக்கொண்டு நின்றேன். அது சுட்டது. இந்த ஒழுங்கையில் நடப்பது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் நான், இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? சீதாவிடமா? "உங்களுக்கு வேற வேல இல்லையா" என்பாள்.

ஆட்டோ போன பிறகு படியேறினேன். அவர் கீபோர்டிலிருந்து துணியை எடுத்துக்கொண்டிருந்தார். தாள் கட்டை அவிழ்த்து மேசையில் பரப்பியிருந்தார். வாலிபன் மாதிரி இருந்தார்.

"டிக்கெட் வேண்டாம்" என்றார். "ஆனால் ஒன்று. இன்றைக்குக் கொஞ்சம் வேகமாகப் போட்டான், இல்லையா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த உருப்படி அந்த மேசையிலேயே செத்துப்போகும், அவர் யாருமில்லாத ஊருக்குப் போய்க் கதிரையில் உட்காருவார், நான் இங்கே ஒரு கதிரையில் உட்காருவேன். வழக்கம்போல அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். அவர் அவசரமாக உடம்பைத் திருப்பி எனக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஆமாம், லெவ் ஆர்கதியெவிச். அவனுக்கு இன்றைக்கு அவசரம்" என்றேன். கத்தாமல், சாதாரணமாகத்தான் சொன்னேன்.

தலையாட்டினார். அவருடைய கண்கள் என் உதட்டைவிட்டு நகரவே இல்லை.